‘நெவர்’ கட்சிக்கு ஒரு மறுப்பு

மதியம் ஒரு மணி ஆனால் புதுச்சேரி நேரு வீதியில் ஷட்டர் இறங்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி எழுபது வருடமாகிறது. அவர்கள் விட்டுப்போன மதிய ஓய்வு மட்டும் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. மறுபடி கடை திறக்க மூன்றரை, நான்கு ஆகும். வெளியூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நமக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்படி ஒரு மதியத்தில், கணக்கெழுதும் அலுவலகம் ஒன்றின் கம்பி ஷட்டர் வழியே உள்ளே பார்த்தேன். ஆள் இல்லை. விசிறி நின்றிருந்தது, ட்யூப்லைட் அணைந்திருந்தது. நான்கு மானிட்டர்கள் மட்டும் காலி நாற்காலிகளைப் பார்த்து முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. விசிறியை அணைக்க மறக்காத அந்த அலுவலகத்து அண்ணன் இதை ஏன் விட்டார் என்று நான்கு மணிக்குப் போய்க் கேட்டேன். “மெஷின் போட்டுக்கொடுத்த பையன் அப்படித்தான் தம்பி வச்சான். லினக்ஸுல ஸ்கிரீன் ஆஃப் ஆனா திரும்பி வராதாமே? நெவர்னு போட்டுட்டான். அதுலேர்ந்து தொல்லையே இல்ல” என்றார்.

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸோ பிஎஸ்டியோ நிறுவிக் கொடுக்கும் எங்கள் வட்டாரத்தில் அது கிட்டத்தட்டச் சடங்கு. நிறுவி முடித்ததும் பவர் பக்கத்துக்குப் போய், திரை அணையும் நேரத்தை ‘நெவர்’ ஆக்குவது முதல் வேலை. கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் டெர்மினலைத் திறந்து எக்ஸ்செட் கட்டளையால், மானிட்டரை ஓய்வுக்கு அனுப்பும் டிபிஎம்எஸ்ஸையே முடக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். நானும் பல வருடம் இந்த நெவர் கட்சியில் இருந்தவன்தான். ஒரு பள்ளிக்கூட லேபில் இருபது மானிட்டருக்கு என் கையாலேயே நெவர் போட்டிருக்கிறேன். ஆகவே இந்த மறுப்பில் பாதி எனக்கே சேரும்.

கட்சியின் முதல் வாதம், திரை அணைந்தால் திரும்பி வராது என்பது. வராதது எது என்று யாரும் கேட்பதில்லை.

ஏதாவது ஒரு கடையை வைத்தே பார்க்கலாம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் பத்து நிமிடத்துக்கு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குகிறார். வாடிக்கையாளர் குனிந்து எட்டிப் பார்த்தால் ஒரு கையால் தூக்கிவிடலாம். வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது முழுக்க இறக்கிப் பூட்டுகிறார், திறக்கச் சாவி வேண்டும். இரவில் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் லைனை விட்டுவிட்டு மெயினை இறக்கிவிட்டுப் போகிறார். கணினியிலும் இந்த மூன்றும் தனித்தனி வேலைகள். திரை அணைவது அரை ஷட்டர். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விளக்கு மட்டும் இல்லை. கடவுச்சொல் கேட்கும் பூட்டு, முழு ஷட்டர். சஸ்பெண்ட் என்பது மெயினை இறக்குவது. அதில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், ஃப்ரிட்ஜ் லைனைப் போல.

‘திரும்பி வரவில்லை’ என்று என்னை அழைத்த இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி மூன்றாவது ஆள்தான். சஸ்பெண்டிலிருந்து எழும்போது கிராஃபிக்ஸ் டிரைவர், பழைய மதர்போர்டு, பயாஸ் எல்லாம் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டும். அதில் யாராவது ஒருவர் முரண்டு பிடித்தால் கருந்திரைதான், பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பதுதான். திரை மட்டும் அணைந்திருந்தால் ஒரு விசையைத் தட்டியதும் ஓரிரு நொடியில் வந்துவிடும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கருப்பு. அமைப்புகளும் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகின்றன. ஒரே பக்கத்தில் திரைக்கு ஒரு நிமிடக் கணக்கு, சஸ்பெண்டுக்கு இன்னொரு நிமிடக் கணக்கு. பூட்டோ வேறு எங்கோ, பிரைவசி பக்கத்தில் ஒளிந்திருக்கும். சஸ்பெண்டை நிறுத்தியிருக்க வேண்டியவர் விளக்கை அணையவிடாமல் செய்துவிட்டுப் போகிறார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

திரை அணைவதிலேயே கோளாறு வருவதும் உண்டு. டிஸ்பிளேபோர்ட் கேபிளில் இணைத்த சில மானிட்டர்கள் அணைந்தவுடன் பிடுங்கிப் போட்டது போலக் காணாமல் போய்விடும். இரண்டு திரை வைத்திருப்பவர் திரும்பி வந்து பார்த்தால் எல்லா ஜன்னலும் ஒரே பக்கம் குவிந்திருக்கும். வேறு சில, சிக்னல் இல்லையென்றதும் விஜிஏவா எச்டிஎம்ஐயா என்று தேடிக்கொண்டே இருந்து, விசை தட்டிய பிறகும் நம்மைக் காக்க வைக்கும். அதற்கு மானிட்டரின் சொந்த மெனுவில் தானாகத் தேடும் வசதியை நிறுத்தினால் போதும். முதல் கோளாறுக்கு நான் எச்டிஎம்ஐ கேபிள் மாற்றியே பலரைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

இதைவிடச் சுவாரசியமான புகார் ஒன்று உண்டு. “நெவர் போட்டும் பத்து நிமிஷத்துல கருத்துடுது சார்!” கருக்கத்தான் செய்யும். திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சர்வரின் அடிப்படை நெறிமுறையிலேயே, 1987-இல் வந்த எக்ஸ்11 காலத்திலிருந்து, திரைகாப்புக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. யாரும் தொடாவிட்டால் அதன் வழக்கமான அளவு 600 நொடி. அதற்குப் பக்கத்தில் டிபிஎம்எஸ் கடிகாரம். அதற்கு மேல் டெஸ்க்டாப்பின் பவர் மேனேஜர். அதற்கும் மேல் பூட்டும் நிரல், அது வைத்திருக்கும் தனிக் கடிகாரம். ஆளாளுக்கு நாட்டாமை. ஒருவரிடம் நெவர் என்று சொன்னால் மற்றவர் ஏன் கேட்கவேண்டும்? எக்ஸ் அமர்வில் டெர்மினலைத் திறந்து எக்ஸ்செட் என்று தட்டி, ஓர் இடம் விட்டு கியூ என்று தட்டினால் முதல் இரண்டு நாட்டாமைகளும் இப்போது என்ன தீர்ப்பு வைத்திருக்கிறார்கள் என்று கடைசி வரிகளில் தெரியும். நெவர் கட்சியில் இதைத் தட்டிப் பார்த்தவரை நான் அதிகம் கண்டதில்லை.

எக்ஸுக்கு மாற்றாக வேலண்ட் வந்த பிறகு இது இன்னும் வேடிக்கையாகிவிட்டது. க்னோம் டெஸ்க்டாப்பில் டெபியன் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தும், உபுண்டு 2021-இல் வந்த 21.04-இலிருந்தும் வேலண்டை முன்னிருப்பாகத் தருகின்றன. அங்கே திரையை அணைப்பதும் ஏற்றுவதும், ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் கம்பாசிட்டரின் பொறுப்பு. எக்ஸ்செட் கட்டளைக்கு அந்த அதிகாரமே இல்லை. ஆனாலும் பத்து வருடப் பழைய அந்த வரியைத் தொடக்க நிரலில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அது எதையும் மாற்றாமல் சும்மா இருக்கும். பிறகு மறுபடி கருக்கும், மறுபடி லினக்ஸுக்குத்தான் திட்டு.

ஒரு விஷயத்தில் கட்சிக்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பல வருடங்களாக வந்த க்னோம் பதிப்புகளில் திரை அணையும் நேரப் பட்டியலைத் திறந்தால் 1, 2, 3 என்று போய் 15 நிமிடத்தில் நிற்கும். அதற்கடுத்து நேரே நெவர். அரை மணி நேரம் வேண்டுமென்று நினைத்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஜிசெட்டிங்ஸ் கட்டளையால் எத்தனை நொடி வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது அண்ணனுக்குத் தெரியாது. மெஷின் போட்டுக்கொடுத்த பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, விஷயம் அறிந்தவர்கள் எடுத்துவைக்கும் வாதம் ஒன்று. “லினக்ஸ் கெர்னலே திரை கருப்பதை நிறுத்திவிட்டதே, நீ ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?” உண்மைதான். டெஸ்க்டாப் இல்லாத வெறும் கன்சோல் பத்து நிமிடத்தில் கருப்பாகும் வழக்கத்தை 2017-இல் வந்த 4.12 கெர்னல் கைவிட்டது. ஆனால் ஏன் கைவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெர்னல் விழுந்து கடைசியாக எழுதும் பிழைச்செய்தி கருந்திரைக்குள் மறைந்துபோனது ஒரு காரணம். பழைய குழாய்த் திரையில் எழுத்து பதிந்துவிடும் என்ற பயம் இன்றைய திரைக்குத் தேவையில்லை என்பது ஒன்று. முக்கியமான காரணம், அந்தக் கருப்பு வெறும் கருப்பு. அது மானிட்டரை மின்சேமிப்பு நிலைக்கு அனுப்பவில்லை, ஆகவே மின்சாரமும் மிச்சமாகவில்லை. கெர்னல்காரர்கள் கைவிட்டது பொய்க் கருப்பை. அதைக் காட்டி மெய்யான அணைப்பை எதிர்ப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பொய்க் கருப்புக்கும் மெய்க் கருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் முழு விவகாரத்தின் மையம், அதனால் இங்கே கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கிறது. பெரிய முதுகு வைத்த குழாய் மானிட்டரில் ஒரே எழுத்து நாள்கணக்கில் நின்றால் உள்ளே பூசிய பாஸ்பரில் தழும்பாகப் பதிந்துவிடும். அந்தக் காலத்து ரயில்வே முன்பதிவு மையங்களில், அணைத்த திரையிலும் கட்டங்கள் பேய்போல் தெரிந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். திரைகாப்பு என்ற பெயரே அந்தத் தழும்பிலிருந்து திரையைக் காப்பதற்கு வந்தது. மின்சாரம் பற்றிய கவலை பிறகுதான். அமெரிக்காவில் 1992-இல் மின்சேமிப்புக்கான எனர்ஜி ஸ்டார் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடமே வெசா என்ற தரநிர்ணய அமைப்பு டிபிஎம்எஸ்ஸை வெளியிட்டது.

அதில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று கம்பி போக, தாளம் போட இரண்டு கம்பி உண்டு. ஒன்று ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்கும் என்று தட்டும், இன்னொன்று முழுப் படமும் எப்போது தொடங்கும் என்று தட்டும். இரண்டும் தட்டினால் மானிட்டர் விழித்திருக்கும். வரித் தாளம் மட்டும் நின்றால் ஸ்டாண்ட்பை. படத் தாளம் மட்டும் நின்றால் சஸ்பெண்ட் (இது மானிட்டருடையது, கணினியின் சஸ்பெண்ட் அல்ல). இரண்டும் நின்றால் ஆஃப். புதிதாக ஒரு கம்பிகூட இழுக்காமல், இருக்கிற தாளத்தை நிறுத்தியே நான்கு நிலைகளைச் சொல்லிவிட்டார்கள். மூன்று ஓய்வு நிலைகள் எதற்கென்றால், குழாய் சூடேற நேரமாகும். லேசாக ஓய்ந்தால் சீக்கிரம் எழலாம், ஆழ்ந்து தூங்கினால் மெதுவாக எழலாம். எல்சிடிக்கு இந்தத் தொல்லை இல்லை, மூன்றும் அதற்கு ஒன்றே. எக்ஸ்செட் இன்றைக்கும் மூன்று எண்களைக் கேட்பது அந்தக் குழாயின் ஞாபகார்த்தம். மூன்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுங்கள்.

எல்சிடியில் படம் தருவது ஓர் அடுக்கு, வெளிச்சம் தருவது அதன் பின்னாலிருக்கும் விளக்கு. திரையில் கருப்பை வரைந்தால் விளக்கு அணையாது. விளக்கை எரியவிட்டு முன்னால் கருப்புத் திரைச்சீலையைப் போட்டது போலத்தான். இருட்டறையில் அந்தச் சாம்பல் மினுமினுப்பைப் பார்த்தால் தெரியும். அதே காரணத்தால், பறக்கும் சின்னங்களும் நீந்தும் மீன்களும் வரும் திரைகாப்பு இன்னும் மோசம். விளக்கு எரிகிறது, கூடவே மீனை நீந்தவைக்கச் செயலியும் உழைக்கிறது. “அதான் ஸ்கிரீன்சேவர் ஓடுதே” என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. (ஓலெட் திரைகளில் மட்டும் கருப்பு என்றால் உண்மையிலேயே கருப்பு. நம் அலுவலகங்களில் அதை எங்கே பார்க்கிறோம்?)

அடுத்தது, எல்லோரும் தோளைக் குலுக்கிக்கொண்டு கேட்பது. “ஒரு மானிட்டர் எவ்வளவு இழுத்துடப் போவுது?”

அண்ணன் கடையிலேயே கணக்குப் போட்டோம். ஒரு மானிட்டர் 20 வாட் என்று வைத்தோம், நான்குக்கு 80. மதியம் மூன்று மணி நேரம், இரவு ஒன்பதிலிருந்து காலை ஒன்பது வரை பன்னிரண்டு மணி நேரம், ஆக ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் ஆளில்லாமல் எரிகிறது. பேக்கப் ஓடட்டும் என்று சிபியுவை அவர் அணைப்பதில்லை, அதனால் மானிட்டரும் கூடவே விழித்திருக்கும். தினம் 1.2 யூனிட். இருபத்தாறு வேலை நாளுக்கு 31 யூனிட். நான்கு ஞாயிறு முழுநாளும் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 39 யூனிட். ஓய்வில் இருந்தால் இன்றைய மானிட்டர் அரை வாட்டைத் தாண்டாது. அண்ணனுக்கு யூனிட் கணக்கு உறைக்கவில்லை. போன வருடம் பழைய விசிறிகளைக் கழற்றிவிட்டு 28 வாட் பிஎல்டிசி விசிறிகள் மாட்டினார், அதைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். ஒரு மாதம் வீணாகும் 39 யூனிட்டில் அந்த விசிறி ஒன்று இரவும் பகலும் நிற்காமல் 58 நாள் சுற்றும் என்றேன். அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புதுச்சேரிக்குச் சொந்த மின்னுற்பத்தி என்று சொல்லிக்கொள்ள காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மீதி பெரும்பகுதி நெய்வேலி உட்பட வெளியிலிருந்து வாங்குவது. காலி நாற்காலிக்கு வெளிச்சம் காட்ட எங்கோ பழுப்பு நிலக்கரி எரிகிறது என்று நான் உணர்ச்சிவசப்படப் போவதில்லை. விசிறிக்குக் காட்டிய அக்கறையைத் திரைக்கும் காட்டலாம் என்பதோடு விடுகிறேன்.

அடிக்கடி அணைந்து எரிந்தால் மானிட்டர் சீக்கிரம் போய்விடும் என்பதும் பழைய ஞாபகம். ட்யூப்லைட் போன்ற சன்னக் குழல்விளக்கை முதுகில் வைத்திருந்த ஆரம்ப கால எல்சிடிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். இன்றைய எல்இடி விளக்கின் ஆயுள் எரிந்த மணிக்கணக்கில் தேய்கிறது. நம் ஊரில் மானிட்டரைக் கொல்வது உப்புக்காற்று. கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீடுகளில் விஜிஏ முனைகள் பச்சை பிடித்துப் போவதை யாரிடம் சொல்வது?

திரை, பூட்டு, சஸ்பெண்ட் மூன்றையும் பிரித்து வைப்பதன் அருமை எனக்கு ஃபெஞ்சல் புயலன்று புரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு புயல் கரையேறியது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. வீட்டில் மூன்று மொபைலுக்கும் சார்ஜ் தர என் லேப்டாப் ஒன்றுதான் மிச்சம். சஸ்பெண்டில் போட்டால் அதன் யுஎஸ்பி துளையில் மின்சாரம் வராது. விழித்தபடி விட்டால், சும்மா இருக்கும் லேப்டாப்பில் பேட்டரியை அதிகம் குடிப்பது திரைதான். சஸ்பெண்டை நிறுத்தி, திரையை ஒரு நிமிடத்தில் அணையவிட்டேன். விடியும்வரை அது சத்தமில்லாமல் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தது. நெவர் கட்சியில் இருந்திருந்தால் நடுராத்திரியிலேயே செத்திருக்கும்.

படம் பார்க்கும்போது, ஆன்லைன் கூட்டத்தில் இருக்கும்போது அணைந்துவிடுகிறதே என்பார்கள். விஎல்சி போன்ற பிளேயர்களும் உலாவிகளும் படம் ஓடும்வரை அணைக்காதே என்று டெஸ்க்டாப்பிடம் தாமே கேட்டுக்கொள்ளும். அப்படிக் கேட்கத் தெரியாத நிரல்களுக்காக எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் பவர் மேனேஜரில் பிரசன்டேஷன் மோடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. க்னோமுக்குக் கஃபீன் என்ற நீட்சி. ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக வருடம் முழுக்க நெவர் போடத் தேவையில்லை. மருத்துவமனையில் டோக்கன் எண் காட்டும் திரை, பேருந்து நேரம் காட்டும் திரை, இவற்றுக்கு நெவர்தான் சரி. அவற்றின் முன்னால் எப்போதும் யாராவது நிற்கிறார்கள்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கு அலுவலகத்தில் திரையில் கிடப்பது ஊர்க்காரர்களின் ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு. திரையே அணையாத இடத்தில், திரை அணைந்த பிறகு விழ வேண்டிய பூட்டும் விழாது. க்னோமில் பூட்டின் கடிகாரம் திரை அணைந்த கணத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. நெவர் போட்டவர் தனக்குத் தெரியாமலே சாவியையும் தூக்கி எறிந்துவிட்டார். திரைகாப்பும் பூட்டும் தரும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் நிரலை 1992 முதல் பராமரித்துவரும் ஜேமி ஜவின்ஸ்கி, எக்ஸ் உலகில் பூட்டு என்பது மேலே போர்த்திய ஒரு நிரல், அது விழுந்தால் கடை திறந்துகிடக்கும் என்று வருடக்கணக்கில் கத்தியிருக்கிறார். பலவீனமான அந்தப் போர்வைகூட இங்கே இல்லை.

கடைசியாக, “லினக்ஸ்னாலே இப்படித்தான்” என்ற பெருமூச்சு. தமிழ்நாட்டு அரசு நிறுவனமான எல்காட் 2007 வாக்கில் சுசே லினக்ஸுக்கு மாறியது. அதே வருடம் மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் ழாந்தார்ம் என்று மரியாதையாகச் சொல்லும் பிரான்ஸ் காவல்படை 2008-இலிருந்து உபுண்டுக்குப் போய், இன்று பல்லாயிரம் மேசைகளில் அதைத்தான் ஓட்டுகிறது. அந்த அளவில் மேசை மேசையாகப் போய் ஒருவர் பட்டியலைத் திறந்து மூட முடியாது. திரைக்கு எத்தனை நிமிடம், பூட்டுக்கு எத்தனை நிமிடம் என்பதை டிகான்ஃப் கோப்பு ஒன்றில் எழுதி, பயனர் மாற்ற முடியாதபடி பூட்டி, எல்லா இயந்திரத்துக்கும் அனுப்பும் வழி க்னோமிலேயே இருக்கிறது. நான்கு மேசை அலுவலகத்துக்கும் அதே கோப்பு போதும்.

அண்ணன் கடையில் அதைத்தான் செய்தேன். திரைக்கு ஐந்து நிமிடம். அது அணைந்து பத்து நிமிடம் கழித்துப் பூட்டு. சஸ்பெண்ட் கிடையாது. காரணம், பாதி மெஷின்கள் பழையவை, இரவு பேக்கப்பும் ஓட வேண்டும். நெவர் என்ற சொல் அங்கே ஒரு வரியில் இன்னும் இருக்கிறது, இருக்க வேண்டிய வரியில்.

அடுத்த வாரம் ஒன்றேகாலுக்கு அந்த வழியே போனபோது கம்பி இடைவெளியில் மறுபடி எட்டிப் பார்த்தேன். இருட்டில் நான்கு ஆரஞ்சுப் புள்ளிகள். மூலையில், முதல்முறை நான் கவனிக்காத ஒன்று மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கண்காணிப்புக் கேமராப் பெட்டியின் மானிட்டர். காலி அறையைக் காலி அறைக்கே காட்டிக்கொண்டிருந்தது. மாலையில், பதிவு பெட்டிக்குள் நடக்கிறது, திரை எரிய வேண்டியதில்லை என்றேன். அண்ணன் அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “அது இருக்கட்டும் தம்பி. அது எரிஞ்சாத்தான் கேமரா இருக்குன்னு வெளியில தெரியும்” என்றார்.